பழங்கட்டடமும் அரசின் ஏற்பும்: புதுவை மேரி காட்டும் வழி



புதுவைக் கடற்கரைச் சாலையில் கடலை நோக்கி நிற்கும் மேரி கட்டடத்தை அறியாதார் இந்நகரில் இலர். மேரி என்றதும் அன்னை மரியாளின் பெயரால் அமைந்த ஏதோ ஒரு மாளிகை என்று வெளியூரார் எண்ணிக்கொள்வதுண்டு. மேயரின் அலுவலகம் என்பதே அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். ஆகவே அது நகர மன்றம். ஆளுநருக்கோ படைத்தலைவருக்கோ எழுந்த மாளிகை அன்று, நகர மக்களின் பொது வீடு. 1870-71 ஆம் ஆண்டுகளில் எழுந்தது. 1880 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணையால் பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் கொம்யூன் என்னும் நகராட்சி அமைப்பு ஏற்பட்டது. பிரெஞ்சு முறையில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் பதியும் அதிகாரி மேயரே ஆவார். ஒரு மனிதன் உலகிற்கு வந்ததும், இல்லறம் ஏற்றதும், உலகை விட்டு நீங்கியதும் ஏட்டில் ஏறுவது மேயரின் பொறுப்பில்தான். புதுவையில் பிறந்து வளர்ந்தோர் பலருக்கு மேரி என்ற சொல்லோடு பெற்றோர், பாட்டனார் பெயர்களும் சேர்ந்தே நினைவுக்கு வருவதன் காரணம் இதுவே.

அந்தக் கட்டடம் 2014 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் பெய்த கடும் மழையில் இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் நேராதது பெரும்பேறு. ஆனால் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கடற்காற்றையும் புயலையும் தாங்கிய சுவர்கள் ஒரே நாளில் செங்கற் குவியலாயின. மறுநாள் காலை அக்குவியலைக் காணக் கூடிய மக்களுள் அக்கட்டடத்தின் சிறப்பை அறியாதவர் எவருமில்லை. அதுதான் இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. மேரி கவனிப்பாரற்றுக் காட்டில் கிடந்த சின்னம் அன்று. இன்டாக் என்னும் மரபுக் காப்பு அமைப்பு அதன் பெருமையை ஆவணப்படுத்தியிருந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் அதன் படத்தை அச்சிட்டன. அதைச் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாகவே நடந்துவந்தது. பேச்சுக்கும் வேலைக்கும் இடையே பல மழைக்காலங்கள் கடந்தன. இறுதியில் ஒரு மழைக்காலத்தைக் கட்டடம் கடக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நகர மக்கள் திரண்டனர். கட்டடம் இருந்த இடத்தில், இருந்த வடிவிலேயே மீண்டும் எழ வேண்டும் என்று வற்புறுத்தினர். உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தின்கீழ் மேரி மீண்டும் கட்டப்பட்டது. ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவாயிற்று. 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் அதனைத் திறந்துவைத்தார். பழைய படங்களும் அளவு வரைபடங்களும் கைவசம் இருந்தமையால்தான் பழைய தோற்றத்தை மீட்க முடிந்தது. இன்று கடற்கரையில் உலாவும் இளைஞர் பலர் அதைப் பழைய கட்டடம் என்றே கருதுகின்றனர். உள்ளபடி அது பழையதன் நிழல். கைவினைஞர் அன்று குழைத்த சாந்தும், அவர்கள் தேர்ந்த மரமும் போனது போனதே. எனினும், அவ்விடத்தில் வேறொரு கண்ணாடிக் கட்டடம் எழுந்திருக்குமாயின் கடற்கரையின் முகமே மாறியிருக்கும். ஆதலின் மீட்டெடுத்ததைக் குறைத்து மதிப்பிடுவதும் தகாது.

ஒரு கட்டடம் வரலாற்றுச் சிறப்புடையது என்று எல்லோரும் அறிந்திருத்தல் வேறு. அரசு அதனை முறைப்படி ஏற்றல் வேறு. ஏற்றதை நாள்தோறும் காத்தல் வேறு. இம்மூன்றும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் இழப்பே மேரியின் கதை.

மேலைநாடுகளிலும் இக்குழப்பம் இருந்தது. புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் வட்டப் பலகை பதிக்கும் வழக்கம் இலண்டனில் 1867 இல் தொடங்கியது. முதற்பலகை கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் பதிக்கப்பட்டது. அவ்வீடு 1889 இல் இடிக்கப்பட்டது! பலகைக்குச் சட்ட வலிமை இல்லை, இன்றும் இல்லை. பிரான்சு வேறு வழியில் சென்றது. கார்மென் என்னும் கதையை எழுதிய ப்ரோஸ்பெர் மெரிமே 1834 இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். 1840 இல் முதற்பட்டியல் வெளிவந்தது. 1913 ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் உடைமையாக உள்ள கட்டடங்களையும் காக்க வழிசெய்தது. அங்கே இரு நிலைகள் உண்டு. மேல்நிலையில் உள்ள கட்டடத்தில் அரசின் இசைவின்றி ஓர் ஆணியும் அடிக்க இயலாது. அடுத்த நிலையில் உள்ளதை மாற்ற விரும்பும் உரிமையாளர் முன்கூட்டியே அரசுக்கு அறிவிக்க வேண்டும். எல்லாக் கட்டடங்களையும் ஒரே கயிற்றால் கட்டாமல், தகுதிக்கேற்பக் கட்டியது அறிவுடைமை.

இந்தியாவிலும் இத்தகைய படிநிலைகள் உள்ளன. பலர் இவற்றைப் பிரித்தறியாமல் அஞ்சுகின்றனர். ஆகவே சற்று விரித்துச் சொல்வது தேவையாகிறது.

முதலாவது, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம் என்னும் நிலை. 1958 ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டம் இதற்கு அடிப்படை. குறைந்தது நூறாண்டு பழமை வேண்டும். அரசு தன் கருத்தை அறிவித்து இரண்டு மாத காலம் தர வேண்டும்; தொடர்புடைய எவரும் அதற்குள் மறுப்பைத் தெரிவிக்கலாம். 2010 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்ட வேண்டும். புதுவைப் பகுதியில் அரிக்கமேடு, பாகூர் மூலநாதர் கோயில், திருபுவனை வரதராசப் பெருமாள் கோயில் முதலியன இந்நிலையில் உள்ளவை. அடுத்தது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு. தமிழகத்தில் இதற்கு 1966 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மூன்றாவது, நகர அமைப்பு விதிகளின்கீழ் பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் சேர்த்தல். இதில் உடைமை மாறுவதில்லை, பயன்பாடு நிற்பதில்லை. மத்திய அரசு 2016 இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள் இவற்றை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எனப் பகுக்கின்றன. முதல் தரத்தில் உள்ளும் புறமும் காக்கப்படும். இரண்டாம் தரத்தில் புறத்தோற்றத்தைக் காத்து உள்ளே வேண்டிய மாற்றம் செய்யலாம். மூன்றாம் தரத்தில் வீதியின் அழகு கெடாதிருத்தலே முதன்மை. புதுவையில் இவற்றை ஆராய மாநில அளவிலான பாரம்பரியப் பாதுகாப்பு, ஆலோசனைக் குழு உள்ளது.

ஒரு சமூக அறக்கட்டளைக்கு நூறாண்டுப் பழமையுள்ள சத்திரமோ பள்ளியோ மண்டபமோ இருக்குமாயின், பெரும்பாலும் இம்மூன்றாம் வகையே அதற்குப் பொருந்தும். அரசு சாவியை வாங்கிக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் இங்கே இடமற்றது. சான்று வேண்டுவோர் புதுவையின் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதிக்குச் சென்று காணலாம். கல்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்பது அதன் முறையான பெயர். தெருவை ஒட்டிய தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம் என்று அமைந்த தமிழ் வீடுகளும், மாடியில் பிரெஞ்சுச் சாயல் கலந்த வீடுகளும் அங்கே வரிசையாக உள்ளன. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ் சுர் லோ ஆகிய நகரங்களோடு கைகோத்து நடந்த திட்டத்தில் அவ்வீதியின் முகப்புகள் சீர்செய்யப்பட்டன. செலவைத் திட்டம் ஒரு பங்கும் வீட்டுக்காரர் ஒரு பங்கும் ஏற்றனர். யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் 2008 இல் அவ்வீதிக்கும் இடம் கிடைத்தது. அவ்வீடுகளில் குடும்பங்கள் வாழ்வது அதனால் நின்றுவிடவில்லை.

வழிபாட்டிடங்களைப் பற்றிய அச்சம் வேறு வகையானது. அது முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளிலிருந்து புதுவைக்கு வந்து குடியேறிய தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊர்களில் பழைய ஜினாலயங்கள் உள்ளன. தொல்லியல் துறையின் பலகை வந்துவிட்டால் விளக்கேற்றவும் அபிடேகம் செய்யவும் இயலாது போகுமோ என்று அவ்வூர்ப் பெரியோர் ஐயுறுகின்றனர். சட்டம் சொல்வது இது: வழிபாட்டிடமாக உள்ள பாதுகாக்கப்பட்ட சின்னத்தை அதன் இயல்புக்கு மாறான எதற்கும் பயன்படுத்தக் கூடாது, அதன் தூய்மைக்குக் கேடு நேராமலும் காக்க வேண்டும். நடைமுறை சொல்வது இது: பாதுகாப்பு அறிவிக்கப்படும் காலத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தால் அது தொடரும், நின்றுபோயிருந்தால் மீண்டும் தொடங்குவது அரிது. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் முதல் வகைக்கு நல்ல சான்று. விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387 இல் எழுப்பிய சங்கீத மண்டபமும், இடபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளைக் காட்டும் கூரை ஓவியங்களும் கொண்ட அத்திருக்கோயில் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, வழிபாடும் நடைபெறுகிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று மத்திய தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களும், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ள அப்பாறையைக் கல்லுடைப்போர் கையில் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே வழிபாடு நடக்கும் இடத்தில் அது நடக்கிறது என்பதற்கான பதிவுகளை இன்றே திரட்டி வைப்பதே அச்சத்துக்கு மருந்து. எந்தெந்தத் திதியில் என்ன பூசை, யார் உபாத்தியாயர், எந்தக் குடும்பத்தாரின் கட்டளை, எந்த ஆண்டில் திருப்பணி என்று எழுதி, படங்களோடு வைத்திருந்தால், நாளை எந்தத் துறை வந்தாலும் பேசுவதற்கு ஓர் ஏடு கையில் இருக்கும்.

ஏட்டின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டியது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. தமிழிக் கல்வெட்டுடைய சமணர் குகைத்தளமும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவமும் உள்ள அவ்வூரை உள்ளடக்கி 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அப்பகுதியை உட்கொண்ட டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலத்தில் விடப்பட்டது. அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை. ஆனால் ஊர்கள் எழுந்தன. சட்டமன்றம் டிசம்பர் 9 ஆம் நாள் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை நீக்கியது. உழவர்கள் ஊர்வலம் சென்றபோது வெறுங்கையோடு செல்லவில்லை. அரசே வெளியிட்ட அறிவிப்பு ஒன்று அவர்கள் பக்கம் இருந்தது. அறிவிப்பு மட்டும் இருந்து மக்கள் இல்லையெனில், இன்று அங்கே துளையிடும் இயந்திரங்கள் நின்றிருக்கக்கூடும்.

இனி, பழைய பொதுக் கட்டடம் ஒன்றை உடைய அறக்கட்டளையின் கூட்டத்தில் பெரும்பாலும் எழும் வாதத்துக்கு வருவோர் வரலாம். இடித்துவிட்டுக் குளிரூட்டிய திருமண மண்டபமும், கீழே வாகனம் நிறுத்த இடமும் கட்டினால் வருவாய் பெருகும். அவ்வருவாயில் மாணவர்க்கு உதவித்தொகை தரலாம் என்பது ஒரு சாரார் கருத்து. இதை எள்ளி நகையாடல் ஆகாது. ஏழைக் குடும்பத்து மாணவியின் கல்லூரிக் கட்டணம் ஒரு தூணைவிட முக்கியமானதே. ஆனால் கணக்கை முழுமையாகப் போட வேண்டும். புதுவைக்கு வருவோர் எதைக் காண வருகின்றனர்? எல்லா ஊரிலும் உள்ள மண்டபத்தையா? பழைய வீடுகள் பல, முகம் மாறாமல் உள்ளே வசதிகள் செய்யப்பெற்று, விருந்தினர் இல்லங்களாகவும் உணவகங்களாகவும் இந்நகரில் நல்ல வருவாய் ஈட்டுகின்றன. இரண்டாம் தரப் பட்டியல் இதற்கு இடம்தருகிறது. இடிப்பதற்கு முன் ஒரு முறையேனும், மரபுக் கட்டட அறிவுள்ள பொறியாளர் ஒருவரிடம், பழுதுபார்க்க ஆகும் செலவையும் புதிதாகக் கட்ட ஆகும் செலவையும் எழுத்தில் பெற்று அருகருகே வைத்துப் பார்ப்பது அறங்காவலர் கடமை. பார்த்தபின் இடிப்பதே தக்கது என்று முடிவாகுமாயின், அளவெடுத்து வரைந்து படம்பிடித்த பின்னரே கடப்பாரையை எடுக்கட்டும். மேரியை மீட்டது அத்தகைய தாள்களே.

பட்டியலில் சேர விண்ணப்பிப்பதற்கு முன் திரட்ட வேண்டியவை கடினமானவை அல்ல. ஆனால் சிதறிக் கிடப்பவை. கட்டடம் யார் பெயரில் உள்ளது என்பதே முதற்சிக்கல். பொதுப் பணத்தில் எழுந்த மண்டபம் நம்பிக்கையின் பொருட்டு ஒரு பெரியவர் பெயரில் எழுதப்பட்டிருக்கும். அவர் காலத்துக்குப் பின் பங்காளிகளுக்குள் வழக்கு எழும். வழக்கு முடியுமுன் கட்டடம் முடிந்துவிடும்! புதுவையில் பழைய பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். அவற்றைத் தமிழாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய அழைப்பிதழ்கள், விழா மலர்கள், நன்கொடைப் பட்டியல்கள், மண்டபத் தூணருகே நின்று எடுத்த திருமணப் புகைப்படங்கள் ஆகிய எல்லாமே சான்றுகள். குடும்பங்களின் பரணில் உள்ள பெட்டிகளில் இவை உறங்குகின்றன. அவற்றை வகைப்படுத்த அறிஞர் துணை தேவைப்படின் இந்நகரிலேயே கிடைக்கும். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இங்கே இயங்குகிறது. தமிழகத்துச் சமணத் தலங்களையும் அது படங்களோடு பதிவு செய்துள்ளது. புதுவையில் காக்கப்படும் சைவச் சுவடித் தொகுப்புகளை யுனெஸ்கோ 2005 இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. முன்னைய தலைமுறையினர் ஊர் ஊராகச் சென்று திரட்டி, எண்ணிட்டு, அட்டவணை எழுதி வைத்திருந்த உழைப்பே அவ்வேற்பைப் பெற்றுத்தந்தது.

ஏற்பு வந்தபின் செய்ய வேண்டியவற்றுள் பெரும்பகுதி மழையைப் பற்றியது. இந்நகரத்துப் பழங்கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மரமும் கொண்டு எழுந்தவை. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தில் மர உத்திரங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்டிருப்பர். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். மேலே நீர் தேங்கினால் அம்முனைதான் முதலில் உளுக்கும், கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்பு பூசிய சுவர் மழையில் நனைந்தால் வெயிலில் உலர்ந்துவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே கரைக்கும். நல்லெண்ணத்தோடு செய்யும் சிமெண்டுப் பூச்சும், கற்றூண்களுக்கு அடிக்கும் பளபளப்பான எனாமல் வண்ணமும், பழங்கட்டடங்களுக்குப் புயலினும் மிகுந்த கேடு விளைக்கின்றன. திருப்பணிக்கு நன்கொடை தருவோர், என்ன பூசப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தருதல் நலம்.

ஆவணி, புரட்டாசித் திங்களில் மேல்தளத்துத் தூம்புகளைத் துப்புரவு செய்ய ஓர் ஆள் போதும். அரை நாள் கூலி போதும். அப்போது சுவர் விரிசல்களில் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளையும் காணலாம். சில ஊர்களில், ஓரறிவுயிர் ஆயினும் உயிரன்றோ என்று தயங்கி அதைப் பிடுங்காமல் விட்டுவிடுகின்றனர். அது தளிராக இருக்கும்போது வேரோடு மெல்ல எடுத்து மண்ணில் நட்டால் உயிரும் பிழைக்கும்; இரண்டு மழைக்காலம் விட்டபின் சுவரை உடைக்காமல் அதை எடுக்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்னரே, ஒரு மண்சட்டியோடு மேலே ஏறும் பொறுப்பை அறக்கட்டளை தன் இளைஞருள் ஒருவர் பெயரில் ஆண்டுதோறும் எழுதி வைக்கலாம்.